இம்பாக்ட்டா, டிரில்லா? ஒரு கூரை ஒழுகின கதை

போன வருஷம் ஆகஸ்ட் மாசம் ஒரு சாயங்காலம் சித்தப்பா போன் பண்ணார். "டேய், குடோன் ஒழுகுதாம். பாய் சத்தம் போடறாரு. கெளம்பி வா." அவ்வளவுதான். ஆம்பூர் பக்கத்துல, மே மாச லீவுல நாங்க ரெண்டு பேரும் கூரை ஷீட் மாத்திக் குடுத்த தோல் குடோன் அது. அந்தக் கூரையில முக்கால்வாசி ஸ்க்ரூ அடிச்சது நான்தான்.

போய்ப் பார்த்தா, ஃபினிஷிங் முடிஞ்சு அடுக்கி வெச்ச தோல்ல மேல இருந்த ஏழெட்டுத் தோல் முழுக்க வட்டம் வட்டமா தண்ணிக் கறை. ஷூ மேல்பாகத்துக்கு வெட்ட வேண்டிய தோல்ல அப்படித் தடம் விழுந்தா, அந்த இடத்தைத் தள்ளிட்டுத்தான் வெட்டணும். தரம் ஒரு படி இறங்கிடும், விலையும் இறங்கிடும். அந்தக் காசு சித்தப்பாவுக்கு வர வேண்டிய பாக்கியில கழிஞ்சது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் ரொம்பக் கஷ்டமா இருந்தது.

மறுநாள் ஏணி போட்டு மேல ஏறினோம். ஸ்க்ரூ எதுவும் லூஸா இல்ல. எல்லாம் நல்லா இறுகித்தான் இருந்தது. பிரச்சனையே அந்த இறுக்கம்தான்னு புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

கதையை முதல்லேருந்து சொல்றேன். வேலூர் மாவட்டம் 2019-ல மூணாப் பிரிஞ்சது. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போச்சு, ராணிப்பேட்டை தனி மாவட்டமாச்சு, பேரணாம்பட்டு மட்டும் வேலூர்லயே நின்னுச்சு. மாவட்டம் பிரிஞ்சாலும் தொழில் பிரியல. பாலாத்தங்கரை நெடுக டேனரி, ஷூ ஃபேக்டரி, குடோன். அங்கெல்லாம் ஷீட் போடறது, ரேக் மாட்டறது, டிரம் கதவு ரிப்பேர் பண்றதுன்னு சின்னச் சின்ன ஃபிட்டிங் வேலைதான் சித்தப்பாவுக்குச் சோறு போடுது. அவர்கிட்ட இருந்தது ஒரு பழைய ஒயர் டிரில்லிங் மெஷின். ஓட்டை போடறதும் அதுலதான், ஸ்க்ரூ ஏத்தறதும் அதுலதான். ஒருநாள் இரும்பு பர்லின்ல பிட் சிக்கிக்கிச்சு. பிட் நின்னு மெஷின் சுத்திடுச்சு. வலது மணிக்கட்டு வீங்கி மூணு வாரம் வேலை இல்ல. இன்னைக்கும் கனமா எதையாவது தூக்கினா அந்தக் கையைப் பிடிச்சுக்குவார்.

இன்டர்ன்ஷிப்ல எனக்குக் கொஞ்சம் ஸ்டைபெண்ட் வந்ததும், "சித்தப்பா, உங்களுக்கு ஒரு இம்பாக்ட் வாங்கித் தரேன், கை திருகாது"ன்னு சொல்லிட்டேன். கடைக்குப் போய் "இம்பாக்ட் குடுங்கண்ணா"ன்னு கேட்டேன். குடுத்தார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிச்சா சுவத்துல ஓட்டை போடற மெஷின்! கடைக்காரர் ஏமாத்தல. நான்தான் சரியாக் கேட்கல.

பெயர்க் குழப்பம்

நம்ம ஊர்ல "இம்பாக்ட்"னு மூணு வெவ்வேற சாமானுக்குப் பேர் இருக்கு. முதல்ல இம்பாக்ட் டிரில், அதாவது ஹேமர் டிரில். அது பிட்டைச் சுத்திக்கிட்டே முன்னும் பின்னும் இடிக்கும், செங்கல்ல ஓட்டை போடறதுக்கு. ரெண்டாவது இம்பாக்ட் டிரைவர். அது இடிக்கறது சுத்துற திசையில, ஸ்க்ரூ திருப்பறதுக்கு. மூணாவது, டூவீலர் மெக்கானிக் கடையில பார்த்திருப்பீங்க, சுத்தியலால தலையில அடிச்சா முனை கொஞ்சம் திரும்பற ஒரு குண்டு திருப்புளி. இன்ஜின் கவர்ல மாட்டிக்கிட்ட ஸ்டார் ஸ்க்ரூவைக் கழட்ட அதைவிட்டா வழியில்ல.

கடையில ஏமாறாம இருக்க, பெட்டி மேல இருக்கற மாடல் எழுத்தைப் பாருங்க. பாஷ்ல ஜி.எஸ்.பி.ன்னா ஹேமர் டிரில், ஜி.எஸ்.ஆர்.ன்னா சாதா டிரில் டிரைவர், ஜி.டி.ஆர்.ன்னா இம்பாக்ட் டிரைவர். மகிட்டா பேட்டரி மெஷின்ல டி.டி.எஃப். டிரில், டி.எச்.பி. ஹேமர் டிரில், டி.டி.டி. இம்பாக்ட் டிரைவர். டிவால்ட்ல டி.சி.டி. டிரில், டி.சி.எஃப். இம்பாக்ட். எழுத்து பார்க்கத் தெரியலைன்னாலும் மூக்கைப் பார்த்தாலே போதும். மூணு தாடை வெச்ச சக் இருந்தா டிரில். சக்கே இல்லாம, கால் இன்ச் அறுகோணக் குழியும் பின்னாடி இழுக்கற ஒரு வளையமும் இருந்தா இம்பாக்ட் டிரைவர்.

அடுத்த நாள் போய் மாத்திக்கிட்டு வந்தேன். அந்தக் குடோன் கூரைதான் அதுக்கு முதல் வேலை. மூணு நாள்னு போட்டிருந்த வேலை ஒண்ணரை நாள்ல முடிஞ்சது. சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம், எனக்கு அதைவிட. ஆகஸ்ட் மழை வரைக்கும்.

உள்ள என்ன நடக்குது

பேட்டரி டிரில்லுக்குள்ள மோட்டார், அதுக்கு அப்புறம் பிளானட்டரி கியர், அப்புறம் கிளட்ச், கடைசியில சக். இதுல கிளட்சைத்தான் யாரும் கண்டுக்கறதில்ல. மூக்கைச் சுத்தி 1, 2, 3ன்னு நம்பர் போட்ட வளையம் இருக்கே, அதுதான். உள்ள ஸ்ப்ரிங் அழுத்தற சின்னக் குண்டுகள் இருக்கும். ஸ்க்ரூ குறிப்பிட்ட அளவு இறுகினதும் குண்டுகள் மேடு தாண்டி வழுக்கும், "கரகர"ன்னு சத்தம் வரும், சக் நின்னுடும். அந்த நம்பர் நியூட்டன் மீட்டர் கிடையாது. ஒவ்வொரு மெஷின்லயும் வேற. வேண்டாத மரத்துண்டுல ரெண்டு ஸ்க்ரூ ஏத்திப் பார்த்துத்தான் உங்க நம்பரைக் கண்டுபிடிக்கணும்.

டிரில்லோட குணம், ஸ்க்ரூவுக்கு எவ்வளவு முறுக்கு போகுதோ அதே முறுக்கு உங்க கைக்குத் திரும்ப வரும். நியூட்டனோட மூணாவது விதிதான், வேற ஒண்ணுமில்ல. 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு, கை பிடிச்சிருக்கற இடம் மையத்துலேருந்து 10 சென்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க. கையில விழற விசை 200 நியூட்டன், கிட்டத்தட்ட 20 கிலோ எடை. தயாரா இருந்தா தாங்கிடலாம். பிட் திடீர்னு சிக்கினா மணிக்கட்டு போயிடும். சித்தப்பாவுக்கு நடந்தது இதுதான்.

இம்பாக்ட் டிரைவர்ல கிளட்ச் இல்ல. அதுக்குப் பதிலா, தண்டுல வி வடிவப் பள்ளம், அதுல உருள்ற எஃகு குண்டுகள், அது மேல ஏறி இறங்கற கனமான ஒரு ஹேமர், பின்னாடி ஒரு ஸ்ப்ரிங், முன்னாடி ரெண்டு காது வெச்ச ஆன்வில். லோடு குறைவா இருக்கற வரைக்கும் எல்லாம் சேர்ந்து சாதா டிரில் மாதிரி சுத்தும். ஸ்க்ரூ இறுகினதும் ஆன்வில் தயங்கும். ஹேமர் பள்ளத்துல ஏறிப் பின்வாங்கி, காதைத் தாண்டி அரைச் சுத்து ஓடி, அடுத்த காதுல ஓங்கி இடிக்கும். ஒரு சுத்துக்கு ரெண்டு இடி. அந்த "டர்ர்ர்" சத்தம் இதுதான்.

இங்கதான் நம்ம முதல் வருஷ இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் உபயோகத்துக்கு வருது. (அந்தப் பேப்பர்ல நான் எவ்வளவு எடுத்தேன்னு கேட்காதீங்க.) கணக்குக்காக ஹேமர் எடை 200 கிராம், ஆரம் 20 மில்லிமீட்டர், முழு உருளைன்னு எடுத்துக்கோங்க. சுழற்சி நிலைமம் 0.00004 கிலோகிராம் மீட்டர் ஸ்கொயர். 1800 ஆர்.பி.எம்.னா விநாடிக்கு 188 ரேடியன். ரெண்டையும் பெருக்கினா கோண உந்தம் சுமார் 0.0075. அந்த ஹேமர் ஆன்வில்ல மோதி 0.1 மில்லிவிநாடியில நின்னா, சராசரி முறுக்கு 75 நியூட்டன் மீட்டர்! உள்ளங்கை சைஸ் மெஷின்லேருந்து.

அப்போ கைக்கு ஏன் ஒண்ணும் தெரியல? நிமிஷத்துக்கு 3600 இடி, அதாவது விநாடிக்கு 60. ஒவ்வொரு இடிக்கும் 0.0075. பெருக்கினா கைக்குத் திரும்ப வர்ற சராசரி முறுக்கு 0.45 நியூட்டன் மீட்டர்தான். நிஜ மெஷின்ல ஹேமர் துள்ளறது, ஸ்ப்ரிங் தள்றதுன்னு இன்னும் கொஞ்சம் கூடும். ஆனாலும் டிரில் குடுக்கற திருகலுக்குப் பக்கத்துலயே வராது. பெரிய முறுக்கு ரொம்பக் கொஞ்ச நேரத்துக்குத்தான் வருது. மெஷினோட உடம்பும் உங்க கையும் அசையறதுக்குள்ள அது முடிஞ்சுடுது.

இதுலேருந்து இன்னொண்ணும் புரிஞ்சுக்கலாம். பெட்டியில "150 நியூட்டன் மீட்டர்"னு இம்பாக்டுக்கும் "50"ன்னு டிரில்லுக்கும் போட்டிருந்தா, மூணு மடங்கு பலம்னு எடுத்துக்கக் கூடாது. ஒண்ணு இடி, ஒண்ணு தொடர்ந்து தள்றது. பெரிய ஓட்டை போடற ஹோல் சாவை இம்பாக்ட்ல மாட்டினா அது திணறுறதைப் பார்க்கலாம்.

சரி, கூரை ஏன் ஒழுகிச்சு

ஷீட்டுக்குப் போடறது செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ. முனையிலயே டிரில் பிட் இருக்கும், தலைக்கு அடியில இரும்பு வாஷரோட ஒட்டின கறுப்பு ரப்பர் இருக்கும். ரப்பர் லேசா அமுங்கி, இரும்பு வாஷர் ஓரத்துல துளி எட்டிப் பார்க்கணும். அவ்வளவுதான் இறுக்கம். குறைஞ்சா ஒழுகும். கூடினா ரப்பர் பிதுங்கிக் கிழியும், ஷீட் அந்த இடத்துல குழியும், குழியில தண்ணி நிக்கும், வெயில்ல காஞ்ச ரப்பர் வெடிக்கும், அப்பவும் ஒழுகும்.

இப்போ கணக்குப் பாருங்க. 5.5 மில்லிமீட்டர் ஷீட் ஸ்க்ரூவுல வழக்கமா இன்ச்சுக்கு 14 மறை. ஒரு முழுச் சுத்துக்கு 1.8 மில்லிமீட்டர் உள்ள போகும். ரப்பர் அமுங்கிடுச்சுன்னு என் கண் பார்த்து, மூளைக்குச் சொல்லி, விரல் டிரிக்கரை விடறதுக்கு 0.2 விநாடியாவது ஆகும். அதுக்குள்ள 12 இடி. ஒரு இடிக்கு 15 டிகிரி திரும்பினாலே மொத்தம் 180 டிகிரி, அரைச் சுத்து, 0.9 மில்லிமீட்டர். சின்ன ரப்பர்ல அது ரொம்பப் பெரிய தூரம். நான் மனுஷ வேகத்துல விட்டேன், மெஷின் அதோட வேகத்துல ஏத்திடுச்சு.

டிரில்லா இருந்தா, இறுக இறுக கை திருகுறதே எச்சரிக்கை. பத்து வருஷமா சித்தப்பா அந்தத் திருகலை வெச்சுத்தான் "போதும்"னு முடிவு பண்ணியிருக்கார். கையைக் காப்பாத்தறேன்னு அந்த உணர்ச்சியை எடுத்துட்டு, பதிலுக்கு எதையும் வைக்காம மெஷினை நான் நீட்டியிருக்கேன். கிழிஞ்ச ரப்பரை விரலால தடவிப் பார்த்தப்பதான் இது உறைச்சது.

கூரை வேலைக்கு உண்மையில சரியான சாமான் ரெண்டும் இல்ல. மூக்குல ஆழம் நிறுத்தற குழல் வெச்ச ஸ்க்ரூ மெஷின்னு தனியா வருது. குழல் ஷீட்டைத் தொட்டதும் கிளட்ச் தானா விட்டுடும், ஆயிரம் ஸ்க்ரூவும் ஒரே ஆழம். விலை கூடின சில இம்பாக்ட்கள்ல ஷீட் ஸ்க்ரூவுக்குன்னே ஒரு மோட் உண்டு. இடி ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே நின்னுடும். நான் வாங்கினதுல அது இல்ல.

இம்பாக்ட் எங்க ஜெயிக்கும்

இதைப் படிச்சுட்டு இம்பாக்ட் டிரைவரே வேண்டாம்னு நினைக்காதீங்க. டேனரிக்குள்ள போய்ப் பாருங்க. உப்புல பதப்படுத்தின தோல், சுண்ணாம்பு, சல்ஃபைடு, ஈரம். இரும்பு ஸ்க்ரூவுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. தோல் ஊற வெச்சுச் சுத்தற பெரிய மர டிரம்முல கதவுப் போல்ட் துருப்பிடிச்சு மரத்தோட மரமா ஆயிடும். டிரில் மாட்டினா பிட் வழுக்கும், இல்லேன்னா கை திருகும். இம்பாக்ட் "டர்ர்"ன்னு ரெண்டு தடவை முன்னாடி, ரெண்டு தடவை பின்னாடி அடிச்சா துரு உடைஞ்சு நகர ஆரம்பிக்கும். தொடர்ந்து தள்றதைவிட சின்னச் சின்ன இடிதான் துருவை உடைக்குது. நீளமான ஸ்க்ரூவைத் தேக்கு, வேங்கை மாதிரி கெட்டி மரத்துல ஏத்தறதுக்கும் இதுதான். ஆனா அப்பவும் முதல்ல டிரில்லால பைலட் ஓட்டை போட்டுடுங்க, இல்லேன்னா மரம் பிளக்கும்.

ஸ்டார் ஸ்க்ரூவுல இன்னொரு லாபம். அந்த பிலிப்ஸ் தலைக்கு அமெரிக்காவுல ஹென்றி பிலிப்ஸ் 1936-ல பேட்டன்ட் வாங்கினார், காடிலாக் கார் அசெம்பிளியில அது பரவிச்சு. குழியோட சுவர் சாய்வா இருக்கறதால முறுக்கு ஏற ஏற பிட் வெளிய தள்ளப்படும். டிரில்ல அதை உடம்பால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். இம்பாக்ட்ல ஒரு இடிக்கும் அடுத்த இடிக்கும் நடுவுல முறுக்கு விழுந்துடறதால பிட் திரும்ப உள்ள உட்காரும். ஒரு விஷயம் கவனிங்க: கதவுக் கீல், கப்போர்டு ஃபிட்டிங்கோட வர்ற ஸ்க்ரூவுல பிளஸ்ஸுக்கு நடுவுல மெல்லிசா நாலு கோடு இருந்தா அது பிலிப்ஸ் இல்ல, போசிட்ரிவ். பிட்டே வேற. தலை தேயறதுல பாதி கேஸ் இந்தத் தப்பு பிட்தான். 1967-ல வந்த டார்க்ஸ், ஆறு முனை நட்சத்திரம், இந்தத் தொல்லையே இல்லாதது. நம்ம ஊர்ல "ஸ்டார்"னு கேட்டா பிலிப்ஸ்தான் குடுப்பாங்க, பேர் சொல்லிக் கேளுங்க.

துருவுக்குப் பயந்து ஸ்டெய்ன்லெஸ் ஸ்க்ரூ, நட் போட்டா அங்கயும் இம்பாக்டைத் தள்ளி வைங்க. ஸ்டெய்ன்லெஸ் மேல ஸ்டெய்ன்லெஸ் வேகமா உரசினா மறையும் மறையும் ஒட்டிக்கும், பாதி வழியில நின்னுடும், முன்னாடியும் போகாது பின்னாடியும் வராது. மெதுவா டிரில்ல ஏத்தி, கொஞ்சம் கிரீஸ் தடவினா தப்பிக்கலாம். கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ அதுக்கு நேர் எதிர், கெட்டியானது ஆனா நொறுங்கும். இம்பாக்ட் இடியில தலை தனியா பறக்கும். ஒருதரம் என் கண்ணாடியில பட்டது. கண்ணாடி போட்டிருந்தேன், நல்லவேளை.

ஷூ ஃபேக்டரிக்குள்ள கதையே வேற. லேடீஸ் ஷூவுல உயரமான ஹீலை மாட்ட, உள்பக்கத்துலேருந்து ஆணிகளோட ஒரு ஸ்க்ரூவும் போடுவாங்க. ஹீல் பெரும்பாலும் பிளாஸ்டிக். கொஞ்சம் கூட இறுக்கினா உள்ள மறை வழிச்சுக்கும், இல்லேன்னா ஹீல் விரியும். குறைச்சா போட்டவங்க படியில இறங்கும்போது ஹீல் ஆடும். இந்த மாதிரி அசெம்பிளி வேலைக்கு இடிக்கற மெஷின் சரிப்படாது. முறுக்கு செட் பண்ணி வெச்ச கிளட்ச் டிரைவர்தான் பொருத்தம். நம்ம ரோபோட்டிக்ஸ் கிளப்ல எம்3 ஸ்க்ரூவை இம்பாக்ட்ல ஏத்தற நண்பர்கள் இதைக் கவனிக்கவும். எம்4 போல்டுக்கே 8.8 கிரேடுல சுமார் 3 நியூட்டன் மீட்டர்தான், எம்6-க்கு சுமார் 10. நம்ம கணக்குல ஒரு இடியே 75.

காதையும் சொல்லணும். இம்பாக்ட் டிரைவர் சத்தம் பெரும்பாலும் 95 டெசிபெலைத் தாண்டும். 85 டெசிபெல்னா எட்டு மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும்னு அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு பரிந்துரைக்குது. அப்படிப் பார்த்தா 97 டெசிபெலுக்கு அரை மணி நேரம்தான். நாங்க ஒண்ணரை நாள் வெறும் காதோட தகரக் கூரை மேல அடிச்சோம். ராத்திரி ரெண்டு பேருக்கும் காதுல "ங்ங்"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தது. மெடிக்கல் ஷாப்ல பஞ்சு மாதிரி ஈயர் பிளக் கிடைக்கும், வாங்கி வெச்சுக்கோங்க.

ஒண்ணே ஒண்ணுதான் வாங்க முடியும்னா? என் ஓட்டு கிளட்ச் வெச்ச பேட்டரி டிரில்லுக்கு. ஓட்டையும் போடும், ஸ்க்ரூவும் ஏத்தும், எதையும் உடைக்காது. ஹாஸ்டல் ரூம், ஃபைனல் இயர் புராஜெக்ட், வீட்டு வேலை எல்லாத்துக்கும் போதும். ரெண்டாவதா காசு வந்தா அதே கம்பெனி, அதே பேட்டரியில வெறும் பாடி மட்டும் இம்பாக்ட் டிரைவர் வாங்குங்க. பேட்டரி, சார்ஜர் காசு மிச்சம். நான் தலைகீழா வாங்கினேன்.

சித்தப்பா இப்போ ரெண்டையும் வெச்சிருக்கார். அந்த டிரில் என் ரெண்டாவது ஸ்டைபெண்ட். பழைய ஷீட்டைக் கழட்டறதும் டிரம் போல்டும் இம்பாக்ட்ல, புது ஷீட் ஸ்க்ரூ கடைசி ஒரு சுத்து டிரில்ல கிளட்ச் 9-ல. அவர் மெஷினுக்கு 9, உங்களுதுக்கு வேறயா இருக்கும். குடோன் கூரையில கிழிஞ்ச வாஷரை ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போய் மாத்திக்கிட்டு வரோம், கூலி கிடையாது. பாய் மட்டும் மதியம் ரெண்டு பிரியாணிப் பொட்டலம் அனுப்பிடறார். வடக்குப் பக்கம் கடைசி ரெண்டு வரிசை பாக்கி, வடகிழக்குப் பருவமழைக்குள்ள முடிக்கணும்.